கடவுள் துணை, பத்து ரூபாய்

ரூபாய் நோட்டில் கடவுளைப் பற்றி ஒரு வாசகம் அச்சடிக்கலாமா, கூடாதா என்று ஆராய்வதற்கு ஓர் ஆணையம் போட்டார்கள். கூடாது என்று சொல்வதற்காக இந்த நாட்டில் யாரும் ஆணையம் போட்டதில்லை. கூடாது என்றால் சும்மா இருந்தாலே போதும், அதற்கு வாடகைக் கட்டடமும் ஏழு காரும் தேவைப்படாது. நாணயப் புனித வாசக ஆணையத்துக்குக் கட்டடம், கார் இரண்டும் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டன. வாசகம்தான் கிடைக்கவில்லை.

திட்டத்தைப் பெங்களூரில் மட்டும், பத்து ரூபாய் நோட்டில் மட்டும், சோதித்துப் பார்ப்பதாக முடிவு. ஆகவே ஆணையம் ஒக்கலிபுரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் குடியேறியது. மணமகள் அறையில் இயக்குநர் பழனிச்சாமி உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தால் அவர் கண்ணில் படுவது, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த வெங்கடசாமியின் கட்டணக் கழிப்பிடம். ஜன்னலை இனித் திறக்கக் கூடாது என்று முதல் நாளே எழுத்தில் உத்தரவு போட்டார்.

வெங்கடசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருஷமாக அந்தக் கழிப்பிடத்தைக் காண்டிராக்ட் எடுத்து நடத்துகிறார். பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறையில் அவரும் மனைவி சரசுவும் குடியிருந்தார்கள். காண்டிராக்ட் இருக்கும்வரை அறையும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃபினாயில் ஊற்றிக் கழுவுவார். எதற்குப் போனாலும் பத்து ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேர் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை, அவசரத்தில் யார் முகத்தைப் பார்ப்பார்கள்?

ஆணையத்தின் காம்பவுண்டுச் சுவரில் மண்டபத்துக்காரர் காலத்திலேயே சாமி டைல்ஸ் வரிசையாகப் பதித்திருந்தது. பிள்ளையார், மாதா, மெக்கா, மறுபடியும் பிள்ளையார். சாமி படத்தைப் பார்த்தால் ஆண்கள் அங்கே நின்று ஒன்றுக்குப் போகமாட்டார்கள் என்பது நம் ஊரின் மகத்தான கண்டுபிடிப்பு. தெய்வங்களை இந்தக் காவல் வேலைக்கு அமர்த்துவதில் இதுவரை யார் மனமும் புண்பட்டதாகத் தகவல் இல்லை.

"சுவத்த சாமியா காப்பாத்துது? எதுத்தாப்புல நம்ம கக்கூஸ் சுத்தமா கீது, அதான்" என்பார் வெங்கடசாமி.

எல்லா மதத்தாரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்பது ஆணையத்துக்கு விதி. கடைசி நாளன்று பட்டியலைச் சரிபார்த்ததில் பௌத்தர் ஒருவர் குறைந்தார். அன்று மண்டபத்தின் குழாயில் தண்ணீர் வரவில்லை. பதிவாளர் நிருபமா கை கழுவக் கழிப்பிடத்துக்கு வந்தவர், மேஜைக்கு மேலே மாட்டியிருந்த புத்தர் படத்தைப் பார்த்துவிட்டார்.

"நீங்க பௌத்தரா?"

"ஆமாம்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து."

"அப்பாடா. ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போங்க. டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு."

சரசுவை மேஜையில் உட்காரவைத்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெங்கடசாமி போனார். மண்டப மேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார். பெண்ணின் நாற்காலியில் அவருடைய கோப்புகள்.

"பேருங்க?"

"வெங்கடசாமி."

பழனிச்சாமி பேனாவை நிறுத்தினார். "பேரு வெங்கடசாமி, மதம் பௌத்தம்ங்கறீங்க. எப்படிங்க அது?"

"பேரு தாத்தா வெச்சது சார். மதம் அப்பா வெச்சது."

"நீங்க ஒண்ணும் வெக்கலீங்களா?"

"நான் கக்கூஸ் வெச்சிருக்கேன் சார்."

மேடையில் இருந்த ஆணைய உறுப்பினர்கள் தண்ணீர் குடித்தார்கள். பழனிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நோட்டுல 'கடவுள் துணை'ன்னு போடறதா உத்தேசம். உங்க தரப்புல ஆட்சேபணை உண்டுங்களா?"

"எங்களுக்குக் கடவுள் இல்லியே சார்."

மேடையில் கசமுசா எழுந்தது. பழனிச்சாமி கையமர்த்தினார். இப்படி ஒரு சிக்கலுக்காகத்தான் அவர் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டிருந்தார்.

"பரவால்லீங்க. கடவுள் உங்களுக்கு வேண்டாம்னா விட்டுருங்க. 'துணை'ன்னு பக்கத்துல இருக்குதில்ல, அதை மட்டும் படிச்சுக்குங்க. மத்தவங்க பூராவும் படிச்சுக்குவாங்க. எல்லாரையும் அரவணைச்சுப் போறதுதான் இந்த ஆணையமுங்க."

"சார், நோட்டுல பத்து ரூபான்னு போட்டா போதும் சார். எல்லாரும் அதத்தான் படிக்கிறாங்க."

நிருபமா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், 'பௌத்தர் தரப்பு: ஆட்சேபணை இல்லை. தொகை குறித்துத் திருப்தி தெரிவித்தார்' என்று இருந்தது. வெங்கடசாமி கையெழுத்துப் போட்டுவிட்டு, சரசுவுக்காக இரண்டு பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

நாலு மாதத்தில் நோட்டு வெளியாயிற்று. என் மொழி எங்கே, உன் மொழி ஏன் மேலே என்று மறியல்கள் நடந்ததால், 'கடவுள் துணை' எல்லா மொழிகளிலும் இருந்தது. அத்தனை எழுத்தும் உட்கார்ந்த பிறகு பத்து என்ற எண்ணுக்கு இடமில்லாமல், அது கீழ் மூலையில் கொசு உட்கார்ந்த அளவுக்கு இருந்தது. பழைய பத்து ரூபாய் நோட்டுகளை நகரத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பத்து ரூபாய் நாணயத்தை இந்த ஊரில் பாதிப் பேர் தொடமாட்டார்கள், செல்லாது என்று யாரோ எப்போதோ சொன்னதை இன்னும் நம்புகிறார்கள். ஆக, புது நோட்டை விட்டால் வேறு கதியில்லை.

அடுத்த வாரம் நடத்தை விதிகள் வந்தன, மொத்தம் நாற்பத்தொன்று. கடவுள் பேர் ஏறிவிட்டதால் இனி அது காகிதம் இல்லை என்பது ஆணையத்தின் வாதம். பின்பாக்கெட்டில் வைக்கக் கூடாது, அதன்மேல் உட்கார்கிறோம். எச்சில் தொட்டு எண்ணக் கூடாது. இடது கையால் நீட்டக் கூடாது. செருப்புக் காலோடு வாங்கக் கூடாது. ரவிக்கைக்குள் செருகக் கூடாது. வாசகம் உள்ள எதையும் கிழிக்கவோ, எரிக்கவோ, குப்பையில் போடவோ கூடாது.

"ரவிக்கையில வெக்கலன்னா தலையிலயா வெச்சிக்கிறது?" என்று சரசு கேட்டாள்.

"வெச்சிக்கலாம். பதினாறாவது ரூலு" என்றார் கிளிஃபர்ட், கையேட்டைப் புரட்டிக்கொண்டே. கிளிஃபர்ட் வாசலில் இருக்கும் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதிக்காரர், ஆகவே வெங்கடசாமியின் மிக நெருங்கிய வாடிக்கையாளர். ஊர்ச் செய்தியெல்லாம் அவர் வழியாகத்தான் வரும்.

பொம்மசந்திராவில் நடந்ததை அவர்தான் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அங்கே ஒரு ஃபேக்டரியில் ஓவர்டைம் காசைக் கையில் கொடுக்கிற வழக்கம். ஷூவைக் கழற்றாமல் நோட்டை வாங்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. ஃபேக்டரிக்குள் ஷூவைக் கழற்றவே கூடாது என்பது பாதுகாப்பு விதி. இரண்டு விதிக்கும் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். உட்கார்ந்து பேசினார்கள். முந்நூறு பேர் ஒரு காலில் ஷூவும் மறு கால் வெறுங்காலுமாக நொண்டிக்கொண்டே வரிசையில் போய்க் காசு வாங்கினார்கள். துறைகளின் ஒத்துழைப்புக்கு இது முன்மாதிரி என்று போட்டோ எடுத்து மாட்டியிருக்கிறார்களாம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எல்லாம் போனில்தான். ஆனால் அங்கிருந்து அஷ்வின் என்று ஓர் ஆலோசகர் ஆணையத்துக்கு வந்து, போனில் போகிற பணமும் பணம்தானே, அதற்கு மட்டும் கடவுள் துணை வேண்டாமா என்று கேட்டார். நாள் சம்பளத்துக்கு வந்தவர் மணிச் சம்பளத்துக்கு உயர்ந்தார். அடுத்த வாரத்திலிருந்து கடைகளில் இருக்கும் அறிவிப்புப் பெட்டிகள் மணியடித்து, 'கடவுள் துணை. பத்து ரூபாய் வரவு' என்று சொல்லத் தொடங்கின. கறிக்கடையில் சொன்னது. சாராயக் கடையில் சொன்னது. வெங்கடசாமியின் மேஜையிலும், ஒருவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடும்போது, கணீரென்று சொன்னது.

கிளிஃபர்ட் தன் ஆட்டோவில் ஒட்டியிருந்த மாதா படத்தைக் காட்டினார். "இருவது வருசமா என்கூடத்தான் கீறாங்க. வண்டி கழுவுறப்ப அவங்களையும் தொடச்சி வுடுவேன். எப்படித் தொடைக்கிறதுன்னு எவனையாவது கேட்டனா? இவனுங்க இன்னாத்துக்கு நடுவுல வராங்க, குரு?"

அந்தக் கணீரொலி மூடிய ஜன்னலைத் தாண்டி மணமகள் அறைக்கும் கேட்டது. மறுநாள் பழனிச்சாமி அளக்கும் டேப்போடு தெருவைக் கடந்து வந்தார். கூடவே நிருபமா.

"வாசகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவுல ஒம்பது மீட்டர் இருக்கணும். உங்க மேஜைக்கும் முதல் கதவுக்கும் ரெண்டரைதான் வருதுங்க."

"மேஜைய ரோட்டுல போட்டுக்கவா சார்?"

பழனிச்சாமி பெருமூச்சு விட்டார். சாமான்யர்களிடம் பேசும்போது அவருக்கு எப்போதும் கொஞ்சம் கருணை வந்துவிடும்.

"இங்க பாருங்க வெங்கடசாமி. நான் கடவுளுக்கும் விரோதியில்ல, கழிப்பிடத்துக்கும் விரோதியில்ல. கடவுள் எங்கயும் இருக்கார்ங்கறது தத்துவம். நோட்டு எங்கெங்க இருக்கலாம்ங்கறது நிர்வாகம். தத்துவத்தக் கொண்டாந்து நிர்வாகத்துல கலந்தா நாடு தாங்காதுங்க."

"சார், உங்க ஆபீஸ்ல மாடி பூரா நோட்டு மூட்டை அடுக்கி வெச்சிருக்கீங்க" என்றாள் சரசு. "அங்க கக்கூஸ் இல்லியா?"

பழனிச்சாமி நிமிர்ந்தார். தன்னை ஒரு பாமரப் பெண்மணி சட்டத்தை மீறியவனாக நினைப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்று மாலையே ஆணையத்தின் ஆறு கழிப்பறைகளையும் பூட்டிச் சாவியைக் கோப்பில் வைத்துத் தைத்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஒரு பேட்டியும் கொடுத்தார். மறுநாள் முதல் ஆணையத்தின் அறுபத்துநாலு ஊழியர்களும் வெங்கடசாமியிடம்தான் வர வேண்டியிருந்தது. ஆகவே கழிப்பிடத்தை மூடவும் முடியவில்லை. இந்த இக்கட்டிலிருந்துதான் படிவம் ஏழு பிறந்தது.

சந்தேகத்துக்குரிய இடங்களில் புனித நோட்டு கைமாறினால், வாங்குகிறவர் படிவம் ஏழை மூன்று நகல் நிரப்ப வேண்டும். கொடுப்பவர் பெயர், பதவி அல்லது தொழில், கைமாறிய இடம், நோட்டின் உபயோக விவரம். கொடுப்பவரின் கையெழுத்து தேவையில்லை, பொதுமக்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்று பழனிச்சாமியே யோசித்து அதை நீக்கியிருந்தார். நிருபமா முத்திரை குத்திய படிவத்தை ஆணையத்தில் ஒப்படைத்தால், அன்று மாலை ஐந்து மணிக்கே அது வலைத்தளத்தில் ஏறிவிடும். ஒன்றுக்கா, இரண்டுக்கா என்ற உபயோக விவரத்தை எழுத்தால் எழுத வேண்டும், எண்ணால் எழுதினால் செல்லாது.

"பேரு?" என்று வெங்கடசாமி கேட்பார்.

"டேய் வெங்கடு, நான் கிளிஃபர்டுடா! பதினோரு வருசமா வரேன்!"

"தெரியும் குரு, எழுதணுமே. தொழில்?"

"ஆட்டோ! சீக்கிரம் எழுதுடா, உயிர் போவுது!"

"உபயோக விவரம்?"

கிளிஃபர்ட் ஒற்றைக் காலில் நின்றபடி, மாதா சாட்சியாக, அதைச் சத்தமாகச் சொன்னார். முதல் நகல் முடியும்வரை தாங்கினார். இரண்டாவது நகலில் திரும்பித் தெருவைக் கடந்து ஓடினார். நேரே ஆணையத்தின் சுவரண்டை போய் நின்றார்.

அவர் மட்டுமில்லை. ஒரு வாரத்தில் படிவத்துக்குப் பயந்த பாதி ஸ்டேஷன் கூட்டம் அந்தச் சுவரில்தான் நின்றது. பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, வரிசை கட்டி நின்றது. வெங்கடசாமி சொல்லிக்கொண்டிருந்தது சரிதான் என்று நிரூபணமானது. யாரும் அவரைப் பாராட்டவில்லை.

நாற்றம் மணமகள் அறைக்குள் புகுந்த அன்று பழனிச்சாமி மறுபடி வந்தார். இந்த முறை டேப் இல்லை. அரக்கும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்திருந்தார்.

"படிவம் ஏழை எங்க வெச்சிருக்கீங்க?"

"இதோ சார், மேஜை மேலதான்."

"படிவத்துத் தலைப்புல என்ன போட்டிருக்குது?"

வெங்கடசாமி படித்தார். "கடவுள் துணை."

"கடவுள் துணைன்னு போட்ட படிவத்தைக் கழிப்பிடத்துல வெச்சிருக்கீங்க! மூணு நகல்!"

"நீங்கதான சார் இங்க வெச்சி எழுதச் சொன்னீங்க?"

"எழுதச் சொன்னது நிர்வாகம். எங்க வெச்சு எழுதணும்ங்கற பக்தி உங்களுக்கு இருந்திருக்கணுமுங்க" என்றார் பழனிச்சாமி. பிறகு மேஜையை வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, கதவை மூடிப் பூட்டுமேல் துணி சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி, முறைப்படி பித்தளை முத்திரையால் அழுத்தினார்.

ஏழு நாள் தொடர்ந்து மூடியிருந்தால் கழிப்பிடத்தின் காண்டிராக்ட் தானாக ரத்தாகிவிடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பதினோரு வருஷத்தில் வெங்கடசாமி ஒரு நாள் மூடியதில்லை. அவர் அம்மா செத்த அன்றுகூடக் காலையில் கழுவிவிட்டுத்தான் போனார். இப்போது பிழைப்பும் போய், குடியிருக்கிற அறையும் போய்விடும். சரசு இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. வீட்டுச் சாமானை மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடசாமி நாலு தடவை ஆணையத்துக்குப் போனார். நாலாவது தடவை பழனிச்சாமி உட்காரச் சொன்னார்.

"சீல் வெச்சது நான். எடுக்கறதும் நானே எடுக்கலாமுங்க. அதுல ஒண்ணும் சிக்கலில்ல. ஆனா எடுக்கறதுக்குக் காரணம் எழுதணும். அந்தப் படிவம் இன்னும் அச்சுக்கே போகலீங்களே."

"நாங்க தெருவுக்கு வந்துருவோம் சார்."

"கவலைப்படாதீங்க" என்று பழனிச்சாமி விரலை மேலே காட்டினார். "அதான் நோட்டுலயே போட்டிருக்கோமில்ல."

வெங்கடசாமி வாசல்படியில் வந்து நின்று, ஒரு நிமிஷம், திரும்பி உள்ளே போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாமா என்று நினைத்தார். நிருபமா பின்னாலேயே வந்து, சத்தமில்லாமல், "படிவம் ஏழு புக்கைப் பத்திரமா வெச்சிருங்க. ரத்தாகல. செல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது எதற்கு உதவும் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

இதற்குள் ஆணையத்துக்கு இன்னொரு தலைவலி. நைந்துபோன நோட்டுகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. ஏரியில் கரைக்கலாம் என்று ஒரு குழு போய், நுரை பொங்கும் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து, நோட்டைவிட ஏரிக்குத்தான் முதலில் சாந்தி செய்ய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அஷ்வின்தான் வழி கண்டுபிடித்தார். நோட்டுகளைப் பிசினில் அழுத்தி டைல்ஸாக வார்த்து, காம்பவுண்டுச் சுவரில் பதித்துவிடலாம். நோட்டுக்கும் கௌரவம், சுவருக்கும் பாதுகாப்பு. 'இச்சுவரின் முன் காலணியைக் கழற்றவும்' என்று ஒரு பலகையும் வைத்துவிடலாம்.

பழைய டைல்ஸைப் பெயர்த்தார்கள். இத்தனை வருஷம் காவல் காத்த பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் ஒரே கோணிப்பையில் ஒற்றுமையாகப் போனார்கள். சுவரைக் கழுவி அறுநூறு நோட்டு டைல்ஸ் பதித்தார்கள். ஒவ்வொன்றிலும் 'கடவுள் துணை' வெளியே தெரியும்படி இருந்தது.

திறப்பு விழா, கழிப்பிடத்துக்குச் சீல் வைத்த ஏழாம் நாள். காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினரின் கார் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டதால் ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கியது. அதுவரை வெயிலில், மேடையில், பழனிச்சாமி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு இளநீர், ஒரு மோர், மூன்று காபி வந்தன. மரியாதைக்காக எல்லாவற்றையும் குடித்தார். பிறகு நாற்பது நிமிஷம் பேசினார்.

"இந்தச் சுவர் வெறும் சுவரில்லீங்க. இது நம்ம பண்பாடு. இதன் முன்னால நிக்கற எந்த மனுசனுக்கும் தன்னை அடக்கிக்கற சக்தி தானா வந்துரும்!" என்றபோது அவர் குரல் லேசாக நடுங்கியது. கூட்டம் அதை உணர்ச்சிவசம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

விருந்தினர் போனார், கூட்டம் கலைந்தது. பழனிச்சாமியின் கார் நெரிசலில் மாட்டி, வர அரை மணி ஆகும் என்றார்கள். மண்டபத்தின் ஆறு கழிப்பறைச் சாவியும் கோப்பில் தைத்திருந்தது. கோப்பு இருந்த பீரோவின் சாவி காரில் இருந்தது. அவர் தெருவைக் கடந்து வந்தார். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது.

பூட்டிய கதவின் முன்னால் வெங்கடசாமியும் சரசுவும் கட்டிய மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேஜை பக்கத்தில் கிடந்தது.

"வெங்கடசாமி, சாவி இருக்குதுங்களா?"

"சாவி கீது சார். சீல் இருக்குதே."

பழனிச்சாமி அரக்கைப் பார்த்தார். முத்திரை மிக நேர்த்தியாகப் பதிந்திருந்தது. "உடைச்சா காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதறது?"

"இயக்குநருக்கு அவசரம்னு எழுதலாம் சார்" என்றார் வெங்கடசாமி. அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே உதவப் பார்த்தார்.

பழனிச்சாமி அவரை முறைத்தார். முறைப்பதற்குக்கூட நேரமில்லை. திரும்பினார், மறுபடி தெருவைக் கடந்தார். ஷாமியானா துணி இன்னும் அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருந்த மூலையில், சுவரின் முன்னால் போய் நின்றார். அங்கே பலகை இருந்தது. பழனிச்சாமி அதைப் படித்தார். முப்பது வருஷ சர்வீஸ் சும்மா இல்லை. குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். நிமிர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வெகுநேரம் ஆயிற்று. துணி மறைத்தது தெருவில் நடந்து போகிறவர்களிடமிருந்து மட்டும்தான், நேர் எதிரே கழிப்பிட வாசலிலிருந்து எல்லாம் நன்றாகவே தெரிந்தது. சரசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூணு காபி" என்றாள்.

அவர் திரும்பியபோது வெங்கடசாமி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஷூவை மறந்துவிட்டு வெறுங்காலோடு வேகமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, அவசரத்தில் இடது கையால், நீட்டினார்.

"வெச்சுக்குங்க. நீங்க ஒண்ணும் பார்க்கலீங்க, என்ன?"

வெங்கடசாமி செருப்பைக் கழற்றினார். வலது கையால் நோட்டை வாங்கினார். மேஜை டிராயரைத் திறந்து படிவம் ஏழு புத்தகத்தை எடுத்தார், கார்பனைச் செருகினார்.

"என்னங்க பண்றீங்க?"

"ரூல் சார். சந்தேகத்துக்குரிய எடத்துல நோட்டு கைமாறுச்சே. கொடுத்தவர் பேரு, பழனிச்சாமி. பதவி, இயக்குநர். கைமாறுன எடம், கக்கூஸ் வாசல்."

"அதெல்லாம் வேண்டாமுங்க! நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

"கொடுக்கிறவர் கையெழுத்து வேணாம் சார். நீங்கதான் எடுத்துட்டீங்க."

சீல் வைத்த நாள் முதல் ஆணைய ஊழியர்கள் எல்லாரும் போகிற ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம் வரை நடந்து போய்த் தன் அவசரத்தை முடித்துக்கொண்டு நிருபமா அப்போதுதான் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார், சுவரின் கீழே ஓடிய ஈரத்தைப் பார்த்தார், ஜோடியாக இருந்த ஷூவைப் பார்த்தார், இயக்குநரின் வெறுங்காலைப் பார்த்தார். மேஜையருகில் வந்து படிவத்தைக் குனிந்து படித்தார்.

"உபயோக விவரம் எண்ணுல போட்டிருக்கீங்க. செல்லாது. எழுத்தால எழுதுங்க. எந்த இடத்துலன்னும் சேர்த்துக்குங்க."

வெங்கடசாமி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, எழுதினார். நிருபமா கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, மூன்று நகலிலும் குத்தினார்.

பழனிச்சாமி பாய்ந்து புத்தகத்தைப் பறித்தார். மூன்று தாளையும் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தார்.

"கிழிக்கக் கூடாது சார்" என்றார் வெங்கடசாமி. "மேல கடவுள் துணைன்னு போட்டிருக்கு."

பழனிச்சாமியின் கை அப்படியே நின்றது. எரிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. விதி அவர் எழுதியது. ஒப்படைத்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு வலைத்தளத்தில் ஏறிவிடும். அவர் நிருபமாவைப் பார்த்தார். நிருபமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"புக்கு வெங்கடசாமிகிட்டதான சார் இருக்கணும். வாங்கினவர் அவரு" என்றார் நிருபமா. "கழிப்பிடம் திறந்திருந்தா அவர் அதை நாளைக்குக் கொண்டாந்து கொடுப்பார். எப்பவாவது கொண்டாந்து கொடுப்பார். மூடியிருந்தா, பாவம், இப்பவே கொடுத்துடுவார். அவருக்கு வேற வேலை இல்லையே."

பழனிச்சாமி புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். கதவின் பக்கம் போனார். ஒரு கத்தி கொடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, நகத்தாலேயே அரக்கைச் சுரண்ட ஆரம்பித்தார். அதற்குள் ஆட்டோவை நிறுத்திவிட்டு கிளிஃபர்ட் ஓடிவந்து, தொடையை இறுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

"சீக்கிரம் சொரண்டுப்பா" என்றார், ஆளைத் தெரியாமல்.

வெங்கடசாமி மூட்டையை அவிழ்த்து ஃபினாயில் பாட்டிலை வெளியே எடுத்தார்.